கைப்பிடிச் சீட்டு

"ஜெயிச்சவன் எப்படிம்மா தோப்பான்? அத மட்டும் சொல்லு, நான் வச்சிருதேன்."

கோவில்பட்டிக்காரர் தொலைபேசியில் மூன்றாவது தடவையாக அதையே கேட்டார். ஹெப்சிபாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிற கேள்விதான்.

"ஐயா, நீங்க தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்க்கு 'மழை பெய்யும்' சீட்டு ஒண்ணு வாங்கினீங்க. மழை பெஞ்சுது. ஆயிரம் ரூபாய் வந்துது. முப்பது ரூபாய் லாபம்."

"அப்பிடிச் சொல்லு தாயி."

"வாங்கும்போது கட்டணம் நாற்பது ரூபாய்."

அந்தப் பக்கம் அவர் வாய்க்குள்ளேயே கூட்டிக் கழிப்பது கேட்டது.

"அப்ப மழையும் பெஞ்சு, அதுல நான் நனைஞ்சு, சளியும் புடிச்சு, பத்து ரூபா நட்டம்."

"ஆமாங்கய்யா."

"ஒங்க கம்பெனி மட்டும் நனையாது போல," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

முன்னறி என்பது கம்பெனியின் பெயர். நாளைக்கு மழை வருமா, வாழைத்தார் விலை ஏறுமா, பக்கத்து ஊர் பாலம் ஆவணிக்குள் முடியுமா என்று எதைப் பற்றியும் அதில் சீட்டு வாங்கலாம், விற்கலாம். நடந்தால் ஒரு சீட்டுக்கு ஆயிரம் ரூபாய். நடக்காவிட்டால் வெறுங்கை. சீட்டின் விலையைப் பார்த்தாலே அந்தக் காரியம் நடக்குமா நடக்காதா என்று ஊர் என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் விற்கும்போதும் முன்னறிக்கு நாற்பது ரூபாய் கட்டணம்.

கட்டணப் புகாரை இயந்திரம் கேட்கக் கூடாது, மனிதர்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால்தான் தூத்துக்குடி புறவழிச்சாலையில் அந்த நாலு மாடிக் கட்டடமும், அதில் ஹெப்சிபாவுக்கு ஒரு நாற்காலியும். ஆனால் அவள் குரல் அவள் குரலாக வெளியே போகாது. நடுவில் குரல் திரை இருந்தது. பேசுகிற பெண் யாராக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரே குரல்தான் கேட்கும். அந்தக் குரலுக்கு நிலா என்று பெயர் வைத்திருந்தார்கள். இருமலையும் தும்மலையும் திரை எடுத்துவிடும். அழுகையையும் எடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் திட்டி ஹெப்சிபா விக்கி விக்கி அழுதபோது, அந்த ஆள், "எவ்வளவு பொறுமையாப் பேசுறம்மா நீ," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சந்தையில் அவள் அண்ணன் ஜெபசிங்கும் ஒரு கேள்வியாக இருந்தான்.

ஜெபசிங் கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளில் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். கார்த்திகைப் புயலில் அவர்களுடைய படகு கவிழ்ந்தது. போன ஐந்து பேரில் நான்கு பேர் கரை சேர்ந்தார்கள். ஜெபசிங் ஒரு மஞ்சள் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெற்கே போனதைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

முதல் வாரம் அரசாங்கமே தேடியது. அதற்குப் பிறகு, வழக்கம்போல, சந்தையிடம் விட்டார்கள். முன்பெல்லாம் இதற்கு அதிகாரிகள் குழு ஒன்று இருந்ததாம். குழு ஆளைப் பார்த்தது, கட்சியைப் பார்த்தது, எம்.எல்.ஏ. மச்சான் காணாமல் போனால் ஒரு மாதமும் கூலிக்காரன் காணாமல் போனால் ஒரு நாளும் தேடியது. சந்தை எதையும் பார்க்காது, அதனால் அதுவே நியாயம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 'ஜெபசிங் மே மாத முடிவுக்குள் உயிரோடு கிடைப்பாரா?' என்று ஒரு பக்கம் திறந்தார்கள். மாலை ஆறு மணிக்குச் சந்தை மூடும்போது சீட்டின் விலை ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் மறுநாள் விடியற்காலையில் ட்ரோன்கள் பறக்கும். நூறு ரூபாயைத் தாண்டினால் இரண்டாவது வட்டத்திலும் தேடுவார்கள். தெற்கே இருக்கிற மணல் திட்டுகளும் ஆளில்லாத தீவுகளும் அந்த இரண்டாவது வட்டத்தில்தான் இருந்தன. ஐம்பதுக்குக் கீழே ஒரு நாள் மூடினாலும் தேடலையே நிறுத்திக் கோப்பை மூடிவிடுவார்கள்.

விலை தொண்ணூறில் தொடங்கி அறுபதுக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

முன்னறியில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் சீட்டு வாங்கக் கூடாது. வாங்கினால் அன்றைக்கே வேலை போய்விடும். அலுவலகக் கணினியில் அண்ணனின் பக்கம் திறக்கவும் திறக்காது. ஆகவே சாப்பாட்டு இடைவேளையில், பக்கத்து நாற்காலி இசக்கியம்மாளின் கைப்பேசியில்தான் ஹெப்சிபா அதைப் பார்ப்பாள். சட்டப்படி அவளும் சீட்டு வாங்கக் கூடாதுதான். ஆனால் அவள் தன் சின்னம்மா பெயரில் கணக்கு வைத்திருந்தாள்.

மார்கழி கடைசியில் ஒரு நாள், இசக்கி தயிர்ச்சோற்றுக் கையோடு திரையைத் தட்டிக் காட்டினாள்.

"ஏட்டி, இதப் பாரேன். யாரோ ஒருத்தன் தெனமும் வாங்குதான். காலைல ஒரு சீட்டு, பதினோரு மணி வாக்குல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நேத்தும் அப்பிடித்தான், முந்தாநாளும் அப்பிடித்தான்."

"யாராவது வேடிக்கைக்கு வாங்குவாங்க."

"கூறு இருக்கா உனக்கு? சீட்டு அறுபது ரூபா. கட்டணம் நாப்பது. நூறு ரூபாயக் குடுத்து அறுபது ரூபா சாமான் வாங்குதான். ஒரு நா செய்வான் கிறுக்கன். ரெண்டு நா செய்வான். மாசம் முழுக்கச் செய்வானா?"

ஹெப்சிபா எச்சில் கையோடு அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கட்டணம் ஒரு சல்லடை மாதிரி. சும்மா குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். கட்டணத்தைக் கொடுத்தும் ஒருவர் வாங்கிக்கொண்டே இருந்தால் அவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது ஏதோ தெரியும்.

"அவனுக்கு ஏதோ தெரியும்னு சொல்லுதியா?" என்றாள் மெதுவாக.

"பின்ன? அக்கரைல எவனாவது மீன்காரன் தூக்கிட்டுப் போயி வச்சிருப்பான். ஜெயில்ல இருக்கானோ, ஆஸ்பத்திரில பேச்சு மூச்சில்லாம இருக்கானோ. பக்கத்துல இருக்க எவனுக்கோ தெரிஞ்சிருக்கு. வெளிய சொல்ல முடியல. காசு பண்ணுதான்."

"அப்ப மொத்தமா வாங்க வேண்டியதுதானே? ஒரே கட்டணத்தோட போகும்லா."

"மொத்தமா வாங்குனா விலை சட்டுன்னு ஏறும். ஏன் ஏறுதுன்னு எல்லாரும் பாப்பான். திருடன் மாதிரி ஒண்ணு ஒண்ணா வாங்குதான். நல்ல வெவரம் தெரிஞ்சவந்தான்."

அந்த முகம் தெரியாத திருடனை ஹெப்சிபா அன்றைக்கே நேசிக்கத் தொடங்கிவிட்டாள்.

வீட்டில் அவளும் அம்மாவும் சந்தையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அண்ணன் உயிரை அறுபது ரூபாய் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் அன்றைக்கு அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

அம்மா ஞானப்பூ அப்போது இரவுச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து பழைய பிஸ்கட் டின்னில் போட்டாள். கைப்பிடி அரிசி. உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அது கோயிலுக்குப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அப்பா இறந்த வாரம்கூட, அம்மா அதை விட்டதில்லை.

"ஒருத்தர் வாங்குதாராம்மா. தெனமும். நஷ்டம்னு தெரிஞ்சே வாங்குதார். தெரியாதவங்க அப்பிடி வாங்க மாட்டாங்க. அண்ணன் எங்கயோ இருக்கான்."

டின்னின் மூடியை வைத்த கை அப்படியே நின்றது.

"யாருட்டி அது?"

"தெரியல. பேரு காட்டாது."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் அம்மா. "அவங்க பிள்ள குட்டி நல்லா இருக்கட்டும்." பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சவங்களே வாங்குதாங்கன்னா அப்ப சரிதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எது சரி என்று கேட்கத் தோன்றாமல் ஹெப்சிபா செருப்பைக் கழற்றப் போனாள்.

அடுத்த வாரம் இசக்கி கையைப் பிடித்து இழுத்தாள். "நாலாவது ஒண்ணும் வாங்குதாம்ட்டி! மூணு மணிக்கு மேல. ஆளு சூடு புடிச்சிட்டான். ஏதோ சேதி கிடைச்சிருக்கு."

அதையும் ஹெப்சிபா வீட்டில் சொன்னாள். அம்மா சிரித்தாள். புயலுக்குப் பிறகு அம்மாவின் பல் தெரிந்தது அன்றைக்குத்தான். அன்று கருப்பட்டிக் காப்பி போட்டு இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தார்கள். அண்ணன் வந்தால் முதலில் என்ன சமைப்பது என்று பேச்சு வந்தது. சாளைக் குழம்பு என்றாள் ஹெப்சிபா. கடலில் கிடந்து வருகிறவனுக்கு மீனா, கோழி அடிக்கலாம் என்றாள் அம்மா. அதில் சின்னச் சண்டைகூட வந்தது.

அம்மாவின் காதில் கம்மலுக்குப் பதிலாக ஈர்க்குச்சி இருந்ததை ஹெப்சிபா அந்த மாதம்தான் கவனித்தாள்.

"கல்லு ஒண்ணு விழுந்துட்டு. பதிக்கக் குடுத்திருக்கேன்."

"எந்தக் கடையில?"

"தெரிஞ்ச கடைதான்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

பங்குனி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளையில் பார்த்தபோது பட்டியல் காலியாக இருந்தது. காலைச் சீட்டு இல்லை. பதினோரு மணிச் சீட்டும் இல்லை. விலை ஐம்பத்தொன்றில் நின்றது.

"தூங்கிட்டானோ என்னமோ," என்றாள் இசக்கி. அவளுக்கே அவள் சொன்னது பிடிக்கவில்லை. "சாயங்காலம் சேத்து வாங்குவான், பாரு."

அன்று மாலை ஐந்து மணிக்கு முன்னால் ஹெப்சிபாவுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம், முன்னறி. நான் நிலா பேசுறேன். உங்க கட்டணத்தைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்?"

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேச்சு வருமுன்னே, அந்தச் செருமலிலேயே, ஹெப்சிபாவுக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மா, நான் தூத்துக்குடிலேருந்து பேசுதேன். கணக்குல காசு இல்லன்னு காட்டுது. நான் கணக்குப் பண்ணித்தான் போட்டிருந்தேன், மே கடைசி, பெந்தெகொஸ்தே ஞாயிறு வரைக்கும் வரும்னு. இப்பவே தீந்துட்டுங்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுதியா?"

தெரிந்தவர் அழைத்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பை மேலாளருக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் கணக்கு யாருடையது என்று பார்ப்பார்கள். வீட்டின் ஒரே சம்பளமும் அன்றோடு போகும். ஹெப்சிபா அதை அழுத்தவில்லை. அந்தக் கணக்கின் வரலாற்றைத் திறந்தாள்.

திரையில் பட்டியல் இறங்கியது. காலையில் ஒன்று. பதினோரு மணி வாக்கில் ஒன்று. மூன்று மணிக்கு மேல் ஒன்று. மாலையில் ஒன்று. அவளுக்கு அது மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு மேலாக இசக்கியின் கைப்பேசியில் அவள் கும்பிடாத குறையாகப் பார்த்திருந்த அதே பட்டியல். அடியில், கணக்குத் திறந்த நாள் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தையது. அம்மா வற்றல் காயப் போடுகிற நாளில் மழை வருமா என்று பார்க்கட்டும் என்று அண்ணன் திறந்து கொடுத்த கணக்கு.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேம்மா," என்றாள் ஹெப்சிபா. அவள் தொண்டையிலிருந்து என்ன வந்ததோ, அம்மாவுக்கு நிலாவின் தெளிந்த குரல்தான் போயிருக்கும். "நீங்க மொத்தம் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் போட்டிருக்கீங்க. அதுல ஏறத்தாழ பதினேழாயிரம் கட்டணமாப் போயிருக்கு."

"பதினேழாயிரமா?"

"ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் நாற்பது ரூபாய்ம்மா. ஒரு சீட்டு வாங்கினாலும் நாற்பது, ஐந்நூறு வாங்கினாலும் நாற்பது."

"அறுபதுன்னு போட்டிருந்துது. எடுக்கது நூறா எடுத்துது. ஏதோ அரசாங்க வரி போலன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப அந்தக் காச மொத்தமாப் போட்டிருந்தா?"

"ஒரே ஒரு நாற்பதுதான் போயிருக்கும்."

"மிச்சம் எல்லாம் சீட்டாவா இருந்திருக்கும்? அப்ப வெல ஏறியிருக்குமோ? நூறு தாண்டுனா அந்தப் பக்கத்துத் தீவெல்லாம் தேடுவாங்கன்னு சொன்னாங்க."

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள். "சந்தை எப்படிப் போயிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா," என்று ஹெப்சிபா வாசித்தாள். ஆனால் அவளுக்கு உறுதியாகத் தெரியும். தை மாதத்தில் அந்தப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கம்மல் அடகு வைத்த பணத்தை ஒரே நாளில் போட்டிருந்தால் விலை நூறைத் தாண்டியிருக்கும். ஒரு நாளாவது தாண்டியிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் ட்ரோன்கள் தெற்கே போயிருக்கும். தினமும் யார் யாருக்கோ அவள் விளக்குகிற விஷயம் இது. ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு மட்டும் விளக்கவில்லை.

"எனக்கு அப்பிடித் தோணலம்மா," என்றாள் ஞானப்பூ. "காணிக்கைய யாரு மொத்தமாப் போடுவா? ஒல வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுப்பேன், கூடவே ஒரு சீட்டு வாங்குவேன். வேளைக்கு வேளை நெனச்சாத்தான ஆண்டவருக்கும் நம்ம நெனப்பு இருக்கும். அப்பறம் எம் மக ஒண்ணு சொன்னா. சொன்னதுலேருந்து காப்பி போடும்போதும் ஒண்ணு வாங்குனேன். அவளுக்கு வெவரம் தெரியும். அவ அங்ஙனதான வேலை பாக்கா..." சட்டென்று நிறுத்தினாள். "இல்ல, இல்ல. அவ வேற ஆபீஸ். மாவு மில்லுல."

ஹெப்சிபா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது தேவையே இல்லை. திரை எதையும் வெளியே விடாது.

"அம்மா, உங்ககிட்ட நானூறுக்கு மேல சீட்டு இருக்கு. வித்தா இருபதாயிரம் வரை திரும்பக் கிடைக்கும். ஒரே தடவையா வித்துடலாம். செய்யவா?" இதையும் கேட்டாக வேண்டும் என்பது விதி. ஆனால் அவள் விதிக்காகக் கேட்கவில்லை.

"விக்கவா?" அம்மாவின் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "அத வித்தா, அவன் வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆகாதா? நீ சின்னப் பிள்ளையா இருப்ப. பெத்திருந்தா கேக்க மாட்ட."

"மன்னிச்சிடுங்கம்மா."

"சரி சரி. ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தத நீ சொல்லுத." குரல் மறுபடி தணிந்தது. "இன்னொண்ணு மட்டும் கேட்டுட்டு வச்சிருதேன். அந்த ஒருத்தர், தெரிஞ்சு தெரிஞ்சே வாங்குவாராமே, எம் மக சொல்லுவா. எங்கிட்ட காசு தீந்துட்டு. அவர் இருக்காருல்லா? இன்னைக்கு அவர் வாங்கினாரா?"

அம்மாவின் கணக்கு வழியாகத் திறந்த அண்ணனின் பக்கத்தில் இன்றைய பட்டியல் வெறுமையாக இருந்தது. மேலே விலை நாற்பத்தொன்பது என்று மாறியது.

"வாங்கினாரும்மா."

"எத்தன?"

"ஒண்ணு."

"ஒண்ணா? போதும். ஒண்ணே போதும்," என்றாள் ஞானப்பூ. மூச்சு விட்டது இந்தப் பக்கம் கேட்டது.

பிறகு ஹெப்சிபாவின் வாய், இரண்டு வருஷமாக ஒவ்வொரு அழைப்பின் கடைசியிலும் சொல்லிப் பழகியதை, தானாகவே சொன்னது. "இன்றைய வியாபாரம் முழுவதையும் நேரத்தோடு நீங்களே பார்க்கலாம். உங்க சந்தைப் பக்கத்தில் கீழே வலது ஓரம், மூன்றாவது பொத்தான், 'நடப்பு'. முன்னறியை அழைத்ததற்கு நன்றி."

"அப்பிடி ஒண்ணு இருக்கா? எனக்கு வாங்க மட்டுந்தான் தெரியும். கண்ணாடி போட்டுப் பாக்கேன். அடுப்புல ஒல கெடக்கு, வைக்கட்டா?"

அழைப்பு முடிந்த பிறகுதான், யாரும் வாங்காத சீட்டைத் தேடிப் பார்க்கிற வழியைத் தானே சொல்லிக் கொடுத்தது ஹெப்சிபாவுக்கு உறைத்தது.

அடுத்த அழைப்பை எடுக்கப் போன இசக்கியின் கையை அவள் பிடித்தாள். "இசக்கி, ஒரு சீட்டு வாங்கு. இப்பவே. அண்ணன் பக்கத்துல."

"உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? நாப்பத்தொம்பதுல ஒருத்தன் மூவாயிரம் சீட்டு விக்கக் கடைய விரிச்சு உக்காந்திருக்கான், பாத்தியா? பெரிய கை. அவனுக்கெல்லாம் நாப்பது ரூபா கொசுக்கடி. நம்ம ஒரு சீட்டு என்னத்தக் கிழிக்கும்?"

"ஒண்ணும் கிழிக்காது. வாங்கு."

இசக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் கைப்பேசியை எடுத்து வாங்கினாள். ஒரு சீட்டு, நாற்பத்தொன்பது. கட்டணம் நாற்பது. பட்டியலில் ஒற்றை வரி, அதன் நேரத்தோடு ஏறியது.

ஆறு மணிக்கு விலை நாற்பத்தெட்டில் மூடியது. பக்கத்தின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது: தேடல் நிறுத்தப்பட்டது.

ஹெப்சிபா வீட்டுக்குப் போனபோது அம்மா தட்டு வைத்துக் காத்திருந்தாள். கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. அடுக்களை மேடையில் கைப்பேசி முகம் குப்புறக் கிடந்தது. அதன் பக்கத்தில் பிஸ்கட் டின் மூடாமல் இருந்தது.

"உக்காரு," என்றாள் அம்மா.

ஹெப்சிபா உட்கார்ந்தாள். அம்மா குழம்புச் சட்டியை எடுத்து வைத்தாள். அப்பளத்தை வைத்தாள். எல்லாம் வைத்த பிறகும் எதையோ தேடுகிற மாதிரி நின்றாள்.

"உனக்குத் தெரியாம ஒரு காரியம் செஞ்சேம்ட்டி. நானும் வாங்குனேன், அண்ணனுக்கு. ஒன் வேலைக்குப் பங்கம் வந்துரக் கூடாதுன்னு சொல்லல."

ஹெப்சிபா அப்பளத்தை இரண்டாக ஒடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இன்னைக்கு எங்கிட்ட காசில்ல. வாங்கல." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நான் வாங்காத அன்னைக்கு அவரும் வாங்கலட்டி."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அம்மாவின் தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டுத் திரும்ப வந்தது. நாலு மாதப் பழக்கம்.

"ஃபோன்ல ஒரு பிள்ள பேசுச்சு. நிலாவாம். நல்ல கொரலு. அவர் இன்னைக்கு வாங்கிட்டாருன்னு சொல்லுச்சு. வச்சிட்டு, கண்ணாடியப் போட்டுப் பாத்தேன், அது சொல்லிக் குடுத்த எடத்துல. காலைலேருந்து ஒண்ணுமில்ல. நான் பேசி வச்சப்பறம் ஒண்ணே ஒண்ணு வாங்கியிருக்கு." அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "எனக்காவ ஒரு பொய் சொல்லிட்டு, அத மெய்யாக்க நாப்பது ரூபா கட்டணமும் குடுத்திருக்கு. யாரு பெத்த பிள்ளையோ."

அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அங்ஙன இருந்து எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வத்திப் போயிருக்கும். அது சாப்பிட்டிருக்குமாட்டி?"

"இல்லம்மா," என்றாள் ஹெப்சிபா. இங்கே குரல் திரை இல்லை. "இனிமேதாம்மா சாப்பிடும்."

அம்மா பானையைச் சாய்த்துச் சோற்றை அள்ளி அவள் தட்டில் வைத்தாள். பிறகு இன்னொரு தடவை அள்ளி வைத்தாள். அன்றைக்கு உலைக்கு அளந்த அரிசியிலிருந்து அவள் பிடி எடுக்கவில்லை. இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பானையின் அடியில் ஒரு பிடி சோறு மிச்சம் இருந்தது.